அம்மாவின் ரவிக்கைக் கழுத்தை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்

நான் தையல்காரி. முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு இருபது வருடமாக ரவிக்கை தைத்து வருகிறேன். ஒரு பெண்ணின் உடம்பு போன வருடத்தைவிட எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று இஞ்சு டேப் வைத்ததுமே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் 2023 சித்திரையில் என் அம்மாவின் ரவிக்கைக் கழுத்து இறுக்குகிறது என்று அரை அங்குலம் இறக்கித் தைத்துக் கொடுத்தேன். வைகாசிக் கடைசியில் அதே ரவிக்கையை மறுபடியும் பிரித்தேன். அப்போது கையும் பிடித்ததால் கைச்சுற்றிலும் தையலைத் தளர்த்தினேன். அதே உட்காரலில் இடுப்பில் ஒன்றரை அங்குலம் பிடித்தும் தைத்தேன். இடுப்பு வற்றிக்கொண்டே கழுத்தும் கையும் மட்டும் பெருக்கிற உடம்பு எங்கேயாவது உண்டா என்று அன்றைக்கு ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் அம்மாவின் நுரையீரல் புற்றுநோயை இரண்டு வாரம்போல முன்னால் கண்டுபிடித்திருக்கலாம். அளவு நோட்டில் என் கையெழுத்திலேயே எல்லாம் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான்.

அம்மாவுக்கு அப்போது 58 வயது. பதினான்கு வயதிலிருந்து பீடி சுற்றியவள். சுளகை மடியில் வைத்தால் ஆயிரம் பீடி முடிகிற வரை எழுந்திருக்க மாட்டாள். ஆனால் ஒரு பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை. மாசிக் கடைசியில் வறட்டு இருமல் தொடங்கியது. பீடித்தூள் நெடி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வலப்பக்கம் மேலே ஒரு நிழல். காசநோயாக இருக்கலாம் என்று சளிப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. நிமோனியாவாக இருக்கலாம் என்று பத்து நாள் மாத்திரை தந்தார்கள். இருமல் கொஞ்சம் குறைந்ததும் நாங்களும் விட்டுவிட்டோம். இதற்கு 3,200 ரூபாய். பணத்தைவிட, ஒரு மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்து அந்த நிழல் மறைந்ததா என்று பார்க்காமல் போனதுதான் பெரிய தவறு. சளியில் கிருமி இல்லை, மருந்துக்குப் பிறகும் நிழல் போகவில்லை என்றால் அடுத்தது சி.டி. ஸ்கேன்தான். யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். என் கணவர் சவுதியில் ஓட்டுநர், தம்பி மும்பையில். கேட்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன், எனக்கு அது தெரியவில்லை.

சித்திரையில் காலையில் எழும்போது அம்மாவின் முகம் ஊதியிருக்கத் தொடங்கியது. கண்ணிமை தடித்து, கன்னம் பளபளவென்று இருக்கும். மாலைக்குள் பாதி வடிந்துவிடும். சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தவர்கள் எல்லாம் ‘மதினி இப்போதுதான் முகம் நிறைந்து அழகாக இருக்கிறார்கள்’ என்றார்கள். அம்மாவுக்கும் அதில் சந்தோஷம். எனக்கும் தான். பிறகு குனிந்து வாசல் தெளித்தால் தலை வெடிப்பதுபோல் இருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்ல ஆரம்பித்ததும் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். முகவீக்கம் என்றதும் சிறுநீரகம், தைராய்டு, இதயம் மூன்றையும் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தன. 5,600 ரூபாய். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். காலை எட்டு மணிக்குப் போட்டால் சாயங்காலத்துக்குள் வீக்கம் குறைந்தது. மருந்து கேட்கிறது என்று நம்பினோம். பகலெல்லாம் உட்கார்ந்தும் நின்றும் இருப்பதால் இரத்தம் தானாகவே கீழே வடிந்துதான் அது குறைந்தது, மாத்திரையால் இல்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது. ஒரு வீக்கம் மருந்தால் குறைகிறதா என்று தெரிய வேண்டுமானால் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் முகத்தைப் பாருங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே நேரத்தில் பாருங்கள். மாலை முகத்தை நம்பாதீர்கள். சிறுநீரக வீக்கம் என்றால் பெரும்பாலும் காலிலும் தெரியும். அம்மாவின் கால்கள் குச்சியாக இருந்தன. வீக்கமெல்லாம் நெஞ்சுக்கு மேலேதான்.

கட்டி வந்த கதை தனி. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவுவேன். வைகாசியில் ஒரு நாள் சீப்பு உச்சிக்குப் பின்னால் இடறியது. தடவிப் பார்த்தால் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. முடி அந்த இடத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அது அங்கே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். இரண்டு வாரத்தில் சின்ன நெல்லிக்காய் ஆகிவிட்டது. தொப்புளுக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்தது. ஒரு கிளினிக்கில் காட்டினோம். கொழுப்புக் கட்டி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். தலையில் இருந்ததை எடுத்தார்கள், 7,500 ரூபாய். எடுத்ததை எங்கும் அனுப்பவில்லை. கிண்ணத்தில் கிடந்ததை நான் பார்த்தேன். கொழுப்புப்போல மஞ்சளாக இல்லை, வெளிறிக் கெட்டியாக இருந்தது. கேட்கத் தோன்றவில்லை. அது குப்பைக்குப் போனது. அம்மாவின் நோய்க்குப் பெயர் சொல்லியிருக்கக்கூடிய ஒரே பொருள் அந்த நேரத்தில் அதுதான்.

ஆகவே யார் வீட்டில் என்ன கட்டியை வெட்டினாலும், நகத்தளவாக இருந்தாலும், அதைத் திசு கெடாமல் வைக்கும் பார்மலின் திரவத்தில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும், விரலுக்கு வழுக்கிக்கொடுக்கும், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மயிர்க்கால் அடைத்து வரும் கட்டியில் பல சமயம் நடுவே சிறு கரும்புள்ளி இருக்கும். நுரையீரலிலிருந்து தோலுக்குப் பரவுகிற கட்டி பெரும்பாலும் வலிக்காது, ரப்பர்போலவோ கல்போலவோ கெட்டியாக இருக்கும், வாரக்கணக்கில் வளரும், ஒன்று வந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். நெஞ்சு, வயிறு, முதுகு, கழுத்து, தலைத்தோல் இவற்றில்தான் அதிகம் வருமாம். நிறம் தோல் நிறமாகவே இருக்கலாம், சிவந்தோ ஊதாவாகவோ இருக்கலாம். சிலருக்கு நுரையீரல் நோய் இருப்பதே தெரியாமல் தோல் கட்டிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்து, கையால் தடவி யாரும் உறுதி சொல்ல முடியாது. கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனி பிறந்ததும் நிலைமை மோசமாயிற்று. இது ஒவ்வாமை என்று இன்னொரு இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். நான்கு நாள் முகம் வடிந்தது; அந்த நான்கு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஐந்தாம் நாள் முன்னைவிட மோசமாக வந்தது. ஸ்டீராய்டு பல காரணங்களால் வரும் வீக்கத்தையும் கொஞ்ச நாள் அடக்கிவிடும் என்றும், நெஞ்சுக்குள் இருப்பது நிணநீர்ப் புற்றாக இருந்தால் திசுப் பரிசோதனையையே குழப்பிவிடும் என்றும் பிறகு சொன்னார்கள். அந்த வாரம் ஒரு நள்ளிரவு அம்மா மூச்சுக்குத் திணறியபோது கார் பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வலது கையில் ஊசி குத்தி இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடியும்போது அந்தக் கை மூங்கில்போல வீங்கியிருந்தது. 14,000 ரூபாய் கட்டிவிட்டு வெளியே வந்தபோது என் கையில் பஸ் காசு மட்டும் இருந்தது. காதில் கிடந்த கம்மல் முந்தின நாளே அடகுக் கடைக்குப் போய்விட்டது.

அங்கிருந்து நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த நேரம், பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. அம்மா கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். முகம் நீலம் பூத்தது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து இடம் கொடுத்தாள். மருத்துவமனையில் எங்களைப் பார்த்தவர் சின்ன வயது டாக்டர் அம்மா. முதலில் கேட்டது பழைய புகைப்படம். வாக்காளர் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அட்டையையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு திரையை இழுத்துவிட்டு, நர்ஸ் ஒருவரை நிற்க வைத்து, ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னார். அம்மாவின் நெஞ்சு முழுவதும் பச்சை நரம்புகள் வேர்போலக் கிளைத்திருந்தன. ஒரு மாதமாக இருக்கிறதாம். ‘ஏளா, இதை யாரிடம் காட்டுவது’ என்று அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதுவரை பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒருவர்கூட ரவிக்கையை விலக்கி நெஞ்சைப் பார்க்கவில்லை, அம்மாவும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியாக டாக்டர் இரண்டு கைகளையும் காதை ஒட்டித் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் முகம் சிவந்து கறுத்தது, கழுத்து நரம்பு விரல் தடிப்புக்குப் புடைத்தது. பஸ்ஸில் நடந்ததும் இதுதான். உடனே கையை இறக்கச் சொல்லிவிட்டார்.

அவர் எனக்குப் புரியும்படி சொன்னதை எழுதுகிறேன். தலை, கழுத்து, கைகள் இவற்றிலிருந்து கெட்ட இரத்தம் எல்லாம் ஒரே பெரிய குழாய் வழியாக இதயத்துக்கு இறங்குகிறது. மேற்பெருஞ்சிரை என்று பெயர். நெஞ்சின் வலப்பக்கம் இருக்கிறது, சுவர் மெல்லியது. வலது நுரையீரல் கட்டியோ, நடுநெஞ்சில் வீங்கிய நெறிக்கட்டிகளோ அதை அழுத்தினால் மேலே இரத்தம் தேங்கும். வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலில் பாய்வதுபோல அந்த இரத்தம் தோலுக்கு அடியில் இருக்கிற சின்ன நரம்புகள் வழியாக வழி தேடும். நெஞ்சில் தெரிந்த பச்சைக் கிளைகள் அதுதான். அழுத்தத்தோடு சில சமயம் இரத்தக்கட்டும் உள்ளே அடைத்துக்கொள்ளும். படுத்தால், குனிந்தால் கூடும், நிமிர்ந்து இருந்தால் குறையும். கையில் ஏற்றின குளுக்கோஸ் இறங்க வழியில்லாமல்தான் கை வீங்கியது. இப்படிப்பட்ட நோயாளிக்குக் கால் நரம்பில்தான் ஊசி போடப் பார்ப்பார்கள். முகம் வீங்கிய நோயாளியோடு போகிறவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ‘கையில் வேண்டாம், காலில் போட முடியுமா பாருங்கள்.’ குரல் கரகரத்தாலோ, மூச்சு விடும்போது விசில்போலச் சத்தம் வந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, குனிந்தால் மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்று இரவே போய்விட வேண்டும். போகிற வழியில் படுக்க வைக்காமல் தலையணை வைத்து உட்கார்த்திக் கொண்டுபோங்கள்.

இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரியக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த சி.டி.யில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி, நடுநெஞ்சில் நெறிக்கட்டிகள், அழுந்திப்போன சிரை எல்லாம் தெரிந்தன. அடுத்து நுரையீரலுக்குள் ஊசி விட வேண்டுமே என்று நான் நடுங்கினேன். ‘அதற்கு அவசியம் இல்லாமல் இருக்கலாம், இதோ வெளியிலேயே இருக்கிறதே’ என்று தொப்புள் பக்கத்துக் கட்டியைத் தொட்டார் டாக்டர். முதலில் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள். புற்று உயிரணுக்கள் தெரிந்தன. பிறகு அந்தக் கட்டியை மரக்கச் செய்து முழுதாக எடுத்துப் பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்பினார்கள். அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி உயிரணுக்களில் தொடங்கும் புற்று வகை, என்று வந்தது. தோலில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் திசுவுக்குச் சாயமேற்றும் சோதனை இருக்கிறது, அதில் டி.டி.எஃப்-1, சி.கே.7 என்ற இரண்டு அடையாளங்களும் பாசிட்டிவ், ஆகவே நுரையீரலிலிருந்து வந்ததுதான் என்றார்கள். அதே திசுவில் மரபணு மாற்றம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. புகை பிடிக்காத பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது என்றும், இதற்கென்றே மாத்திரை இருக்கிறது என்றும் சொன்னார்கள். திசுவை மெழுகில் பதித்து ஒரு சின்ன வில்லையாக வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள். பின்னால் வேறு மருத்துவமனைக்கோ வேறு சோதனைக்கோ அதுதான் வேண்டும். அந்த எண்ணையும் அறிக்கையின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணு முடிவு வர பதினைந்து நாள் ஆகும், அதுவரை மூச்சுக்கு என்ன செய்வது என்பதற்காக நெஞ்சில் ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சிலருக்குச் சிரையைத் திறந்து வைக்க உள்ளே ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைப்பதும் உண்டாம். ஸ்மால் செல் எனும் சிறு உயிரணு வகை நுரையீரல் புற்று என்றால் கீமோதெரபியிலேயே வேகமாகச் சுருங்குமாம். அம்மாவுக்குப் பத்து நாளில் கழுத்து எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் தளர்த்திய ரவிக்கை தொளதொளவென்று கிடந்தது. மாசிக் கடைசியிலிருந்து நோயின் பெயர் தெரிய 15 வாரம், பஸ், கார், மருந்து எல்லாம் சேர்த்துச் சுமார் 37,000 ரூபாய். பெயர் தெரிந்த பிறகு ஹைகிரவுண்டில் ஆன செலவு இதில் கால்வாசிகூட இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நான் எடுத்து வைத்திருக்கவே இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் அரசு வைத்திருக்கும் வரம்புக்குள் (2023-இல் அது 1,20,000 ரூபாய்) இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் பதியலாம். நோய் வந்த பிறகு அலையாதீர்கள், இன்றைக்கே எடுத்து வையுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளவர்கள் மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் வழியாகவும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி கேட்கலாம். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் அந்த அட்டையைப் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்த மரபணு மாற்றத்துக்கென்றே உள்ள கெஃபிடினிப் மாத்திரை, தினம் ஒன்று. இரண்டாவது வாரம் மூக்கிலும் கன்னத்திலும் நெஞ்சிலும் குப்பென்று பருக்கள் கிளம்பின. கட்டிகள் ஊரெல்லாம் பரவிவிட்டன என்று நான் அழுதுகொண்டே ஓடினேன். அது மாத்திரையால் வருவது என்று நர்ஸ் என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். பருவின் முனையில் சீழ் இருக்கும், அரிக்கும், தோலின் மேலேயே நிற்கும். பரவுகிற கட்டி பெரும்பாலும் தோலுக்கு அடியில் உருண்டையாக நிற்கும், அரிக்காது. களிம்பு கொடுத்தார்கள், வெயிலில் போக வேண்டாம் என்றார்கள். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. அடுத்த வருடம் தலைவலிக்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது முகம் மறுபடியும் உருண்டது. இந்த முறை நான் பயந்து நிற்கவில்லை, நோட்டை எடுத்தேன். கைச்சுற்று அப்படியே இருந்தது, நெஞ்சில் நரம்பு இல்லை, காலையும் மாலையும் ஒரே மாதிரி, கையைத் தூக்கினாலும் நிறம் மாறவில்லை. இருந்தாலும் டாக்டரிடம் காட்டினேன். ஸ்டீராய்டால் வந்த உருட்சிதான் என்றார். அளவு எழுதிய தாளைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

இருமலை ஒருவரிடம், முகத்தை ஒருவரிடம், கட்டியை ஒருவரிடம் என்று நான் அம்மாவைத் துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்த துண்டுக்கு வைத்தியம் செய்தார்கள். முகவீக்கத்துக்குப் போனபோது தலைக்கட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை; அது வேறு நோய் என்று நினைத்தேன். நீங்கள் போகும்போது ஒரு தாளில் எல்லாவற்றையும், தொடர்பு இல்லை என்று தோன்றுவதையும், எந்த மாதம் தொடங்கியது என்பதோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நுரையீரல் நோயாளி வீட்டில் இருந்தால் எண்ணெய்க் குளியல் நாளில் தலையிலிருந்து இடுப்பு வரை கையால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

மாத்திரையில் அம்மா பதினேழு மாதம் இருந்தாள். தழும்புக்குப் பக்கத்தில் மறுபடி முளைத்திருந்த தலைக்கட்டி மூன்றாவது மாதத்தில் சீப்புக்குத் தட்டுப்படாமல் போயிற்று. தம்பி மகனுக்கு மொட்டை போட்டதைப் பார்த்தாள். தாமிரபரணியில் ஒரு முறை முழுகினாள். 2024 கார்த்திகையில், என் மடியில், அதிகம் கஷ்டப்படாமல் போனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பயாப்சி அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு, தலைக்கட்டியை வெட்டிய கிளினிக்குக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். டோக்கன் வாங்கி, என் முறை வந்ததும் தாளை அவர் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் இரண்டு முறை படித்தார். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, ‘அனுப்பியிருக்க வேண்டும் அம்மா’ என்று மட்டும் சொன்னார். நான் கொண்டுபோன வார்த்தைகளில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். போன தை மாதம் எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு அவரிடம் முதுகில் கட்டி எடுத்தார்கள். வீடு திரும்பும்போது பார்மலின் ஊற்றிய சின்ன டப்பாவில் கட்டியைப் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, எந்த லேபில் கொடுக்க வேண்டும் என்று சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். டப்பாவோடு அக்கா நேராக என் திண்ணைக்குத்தான் வந்தார். பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.